தெருவுக்கு ஒரு கருவி அலமாரி, சாவி மட்டும் வீட்டுக்கு வீடு

எங்கள் தெருவில் ஒரு மர அலமாரி நிற்கிறது. நான்கடி அகலம், ஆறடி உயரம், ஒன்றரை அடி ஆழம். டிரில்லிங் மெஷின், ஸ்பேனர் செட், ரசமட்டம், ரம்பம், கடப்பாரை, கார் ஜாக்கி என்று ஒரு வீட்டுக்கு எப்போதாவது மட்டும் தேவைப்படுகிற சாமான்கள் உள்ளே இருக்கின்றன. பக்கவாட்டில் ஏணி, சங்கிலி போட்டு. தெருக்காரர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்; வேலை முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

கருவி வாங்க வழியில்லாமல் இதைச் செய்யவில்லை. வருடக்கணக்கில் எதிரெதிர் வாசலில் குடியிருந்தும் பெயர்கூடத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறோமே, இதை எப்படி உடைப்பது என்ற பேச்சில்தான் இது முளைத்தது. விழா நடத்தலாம் என்றார்கள் சிலர். விழாவில் தெரிந்தவர் தெரிந்தவர் பக்கத்தில்தான் உட்காருவார். மறுநாள் எல்லாம் பழையபடி. வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருந்தது. காலை வணக்கப் படங்களைத் தாண்டி அதில் ஒன்றும் நடந்ததில்லை. ஒருவரிடம் ஒருவர் ஏதாவது கேட்டு வாங்குகிற நிலை வந்தால்தான் பேச்சு வரும் என்பது என் கட்சி. கேட்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்குக்குத்தான் நான்கடிக்கு ஆறடி.

முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் 1976 முதல் கருவி நூலகம் இருக்கிறது. பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தோடு ரம்பமும் ஏணியும் இரவல் தருகிறது. ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா 2009-இல் தொடங்கிய ரிப்பேர் கஃபே இன்று பல நாடுகளில் நடக்கிறது. பழுதான சாமானை எடுத்துக்கொண்டு போனால், வேலை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நம் கையாலேயே சரிசெய்ய வைப்பார். இவை எல்லாம் ஒரு நகரத்துக்கான ஏற்பாடுகள். பொறுப்பாளர், பதிவு, குறித்த நேரம் எல்லாம் வேண்டும். ஒரு தெருவுக்கு அவ்வளவு தேவையில்லை.

கேட்ட மூன்று கேள்விகள்

வீடு வீடாகப் போனோம், எப்போதும் இருவராக. தனியாகப் போனால் வசூலுக்கு வந்தவர் போலிருக்கும், கூட்டமாகப் போனால் ஓட்டுக் கேட்க வந்தது போலிருக்கும்.

"தெருவுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுப் போனால் என்ன கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியும்: சாக்கடை, தெருவிளக்கு, குப்பை. எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் கேட்டவரும் சொன்னவரும் சேர்ந்து மூன்றாவது ஓர் ஆளைத் திட்டிவிட்டுப் பிரிவதோடு பேச்சு முடிந்துவிடும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்நைட்டும் ஜான் கிரெட்ஸ்மனும் 1993 வாக்கிலேயே இதைத் திருப்பிப் போட்டுச் சொன்னார்கள்: ஒரு பகுதியில் என்ன இல்லை என்று கணக்கெடுக்காதே, யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும் என்று கணக்கெடு. அதைப் பிடித்துக்கொண்டோம்.

வீட்டில் சும்மா கிடக்கும் கருவி எது? கையால் என்ன வேலை தெரியும்? எதை மட்டும் இரவல் தர மாட்டீர்கள்? இந்த மூன்றுதான் கேள்வி.

முதல் கேள்விக்கு எல்லா வீட்டிலும் சுத்தியல் வந்தது. திருப்புளி வந்தது. ரசமட்டம் தெரு முழுக்கவே ஒன்றுதான். இரண்டாவது கேள்விக்குப் பலரும் முதலில் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்கள். விடாமல் நின்றால், சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியும், தையல் மெஷின் பெல்ட் மாற்றத் தெரியும் என்று ஒவ்வொன்றாக வரும். மூன்றாவது கேள்விதான் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பயன்பட்டது. தர மாட்டேன் என்று சொல்ல உரிமை இருக்கிறது என்று தெரிந்ததும் மற்றதை எல்லாம் தாராளமாகத் தந்தார்கள். மாடி வீட்டு அக்கா மரப்பெட்டி ஒன்றைத் திறந்து அவருடைய அப்பாவின் இழைப்புளியைக் காட்டினார். அலகு சாணை பிடித்துப் பிடித்துப் பாதியாகத் தேய்ந்திருந்தது. பிடியில் கட்டைவிரல் படும் இடம் குழிந்து பளபளத்தது. "இதைக் குடுக்க மாட்டேன். ஆனா இங்கயே வந்து உக்காந்து இழைச்சுக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு அலமாரிக் கதவுகளை அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் இழைத்தோம். இரவல் கொடுத்திருந்தால் அந்த மாடிக்கு நாங்கள் ஏறியிருக்க மாட்டோம்.

இடம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் யார் யாரோடு நட்பானார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் குழு ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டது. குணம், படிப்பு, விருப்பம் எல்லாவற்றையும் விட வீட்டின் இருப்பிடம் அதிகம் தீர்மானித்திருந்தது. கீழ்த்தளத்தில் மாடிப்படி பக்கமாக இருந்தவர்களுக்கு மாடியில் அதிக நண்பர்கள். காரணம் வேறொன்றுமில்லை, மாடிக்காரர்கள் ஏறி இறங்கும்போது அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆகவே தெருக்கோடியில் இருந்த காலியிடம் வேண்டாம் என்று முடிவானது. வசதியான இடம்தான், ஆனால் யார் காலும் படாத இடம். பாதி வீடுகள் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று வரும்படி நடுவில் ஒரு மதில் சுவரைத் தேர்ந்தோம். சுவர்க்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம்: அலமாரி எங்களுடையது, சுவர் அவருடையது, அவர் எடுக்கச் சொன்னால் ஒரு மாதத்தில் எடுத்துவிடுவோம். வாய்ப்பேச்சே போதும் என்று அவர்தான் சொன்னார். நாளை வீடு கைமாறினால் என்ன செய்வது? எழுதியதே நல்லது.

இடம் பார்க்கும்போது கவனித்தவை: மழைச்சாரல் அடிக்கும் திசைக்கு அலமாரியின் முதுகு இருக்க வேண்டும். கதவை முழுக்கத் திறந்த நிலையிலும் ஒரு சக்கர நாற்காலி தாராளமாகத் தாண்டிப் போக வழி இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வீட்டு ஜன்னலுக்காவது தெரிய வேண்டும். கேமரா வைக்கலாம் என்ற யோசனை வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. கேமரா யாரையும் "என்ன சார், வீட்ல வேலையா?" என்று விசாரிக்காது.

தச்சு வேலை

இரும்பு பீரோ ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று கேட்டவர்கள் உண்டு. முடியும்தான். வாங்கிக் கொடுத்தவரின் பீரோவாகவே அது கடைசிவரை இருக்கும். தவிர, திறந்த வெளியில் மெல்லிய தகடு பகலில் கொதித்து இரவில் குளிரும்போது உட்புறம் வியர்க்கும். கருவிகள் துருப்பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கூடு 18 மில்லிமீட்டர் வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ப்ளைவுட்டில் தண்ணீரைத் தாங்குவது அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசைதான். நடுவில் இருக்கும் மரம் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். குடிப்பது முகப்பு வழியாக அல்ல, வெட்டிய ஓரங்கள் வழியாக. எனவே பலகைகளை அறுத்த உடனே, பூட்டுவதற்கு முன்பே, எல்லா ஓரங்களிலும் வாட்டர் ப்ரூஃப் மரப்பசையைக் கொஞ்சம் நீர்க்க விட்டு அழுத்தித் தேய்த்தோம். அது காய்ந்ததும் உப்புத்தாள், பிறகு இரண்டு கை பிரைமர். அடிப்பலகையின் கீழ் ஓரத்துக்கு மூன்று கை. நிறுத்திய பிறகு அங்கே பிரஷ் போகாது.

சட்டம் பூட்டும்போது மூலமட்டம் மட்டும் போதாது. ஒரு மூலையில் துல்லியமாக இருப்பது எதிர் மூலையில் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நான்கடிக்கு ஆறடி என்றால் இரண்டும் ஏழடி இரண்டரை அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நீளமான மூலைவிட்டத்தின் மூலையைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பையன்கள் பிதாகரஸ் தேற்றத்தைச் சொல்லிச் சரிபார்த்தார்கள். பரீட்சைக்கு வெளியே அது வேலை செய்வதில் அவர்களுக்கே ஆச்சரியம்.

கூரைக்குப் பின்பக்கம் தாழ்வாக இல்லாமல் முன்பக்கம் தாழ்வாகச் சாய்வு கொடுத்தோம். சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் தண்ணீர் இறங்கினால் முதுகுப்பலகை போய்விடும். பத்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சாய்வு, முன்னால் ஆறு அங்குலம் நீட்டல், மேலே துத்தநாகப் பூச்சுத் தகடு. நீட்டிய பலகையின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு அறுத்தோம். தண்ணீர் பலகையின் அடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஊர்ந்து வரும் குணம் உடையது. அந்தக் கோட்டுக்கு வந்ததும் தாண்ட முடியாமல் சொட்டி விழுந்துவிடும். ஜன்னல் மேல் சன்ஷேடுகளில் கொத்தனார்கள் விடும் அதே கோடுதான். முதல் மழையில் நான்கைந்து பேர் குடையோடு வந்து நின்று அதை வேடிக்கை பார்த்தோம், சொட்டுகள் வரிசையாக அந்த இடத்தில்தான் விழுந்தன.

கதவுகளுக்குப் பழைய மரம். ஒரு வீட்டில் வேலை நடந்தபோது கழற்றிப் போட்ட கதவுகள் மழையில் கிடந்தன. நல்ல மரம், மேல் பூச்சு மட்டும் போயிருந்தது. அறுத்து, இழைத்து, இரண்டடி அகலத்தில் இரட்டைக் கதவாக்கினோம். பலகைக் கதவு காலப்போக்கில் தாழ்ப்பாள் பக்கமாகத் தொங்கும். அதைத் தடுக்கக் குறுக்குச் சட்டம் அடிக்கிறோம், சரி. எந்தப் பக்கம் சாய்த்து அடிப்பது? கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையில் முடிய வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் சட்டத்தை அமுக்கிக் கீழ்க்கீலுக்குப் போகும். மாற்றி அடித்தால் பாரம் சட்டத்தை இழுக்கும்; ஆணிகள் மெல்ல விட்டுக்கொடுக்கும். தெருவில் ஓர் உலா போனேன். சரியாக அடித்த கதவுகளை விடத் தலைகீழாக அடித்தவைதான் அதிகம்.

கதவுக்கு மூன்று கீல், எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல். அடியில் செங்கல் கால்கள், செங்கலுக்கும் மரத்துக்கும் இடையே தடித்த பிளாஸ்டிக் ஷீட். பக்கப்பலகைகளில் மேலும் கீழும் காற்றோட்டத் துளைகள், உட்புறம் பூச்சி வலை. கடைசியாக, மேல் சட்டத்தில் இரண்டு ஆங்கர் போல்ட் போட்டு அலமாரியைச் சுவரோடு பிணைத்தோம். இதைத் தவிர்க்கவே கூடாது. கனமான கதவுகள் இரண்டும் முன்னால் திறந்திருக்க, ஒரு குழந்தை அதில் தொங்கினால் காலி அலமாரிகூடக் கவிழும்.

உட்புறம் மஞ்சள் பெயிண்ட். ஒவ்வொரு கருவியையும் அதன் இடத்தில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்து உள்ளே கறுப்பு அடித்தார்கள் சிறுவர்கள். ஸ்பேனர் இல்லாத இடத்தில் ஸ்பேனரின் நிழல் தெரியும். தொழிற்சாலைகளில் பார்க்கலாம். எது குறைகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, கதவைத் திறந்ததும் கண்ணே சொல்லிவிடும். அடிக்கடி எடுப்பவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். உட்கார்ந்தபடி எடுப்பவருக்கும் எட்டும். கனமானவை அடித்தட்டில்.

ஆங்கிள் கிரைண்டர் ஒன்று வந்தது. அதை அலமாரியில் வைக்கவில்லை. வட்டு உடைந்தால் முகத்தில் வரும் சாமான் அது. ஓட்டத் தெரிந்தவர் கூட வந்தால் மட்டும் வெளியே வரும். மின்கருவிகளில் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருப்பவையே வைத்தோம், அதாவது இரட்டைக் காப்பு உள்ளவை. குறி இல்லாதவை மூன்று முனை பிளக்கோடும் சரியான எர்த்தோடும்தான் ஓட வேண்டும். எல்லா வீட்டு எர்த்தையும் போய்ச் சோதிக்க நமக்கு முடியாது. ஏணியின் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டினோம்: "நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி ஊன்று." அலுமினிய ஏணி என்பதால் கீழேயே இன்னொன்று: "மேலே கம்பி இருக்கிறதா பார்."

சாவி

எண் பூட்டு போட்டு, எண்ணைக் குழுவில் அனுப்பிவிடலாம் என்பதே பெரும்பாலோர் எண்ணம். எந்த நேரமும் எடுக்கலாம், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். அந்த "தொந்தரவு வேண்டாம்" என்பதைத்தான் நான் எதிர்த்தேன். தொந்தரவைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு மரப்பெட்டி.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். சாதாரணப் பூட்டு, சாவி ஒரு வாரத்துக்கு ஒரு வீடு. யார் வீட்டில் சாவி என்று கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். வேண்டியவர் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், அந்த வீட்டார் வந்து திறந்து நோட்டில் எழுத வேண்டும். இரவு அவசரத்துக்கு மட்டும் இன்னொரு சாவி, தாமதமாகத் தூங்கும் வீட்டில்.

சாவி வாரத்தில் சாவிக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்பதில் ஒரு தெருவே தெரிந்துவிடுகிறது. தொட்டில் கொக்கி போட டிரில்லிங் மெஷின் கேட்டு வந்தவர் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது. குளியலறையில் பிடிகம்பி பொருத்த வந்தவர் வீட்டில் யாரோ வழுக்கி விழுந்திருக்கிறார். இதையெல்லாம் யாரும் குழுவில் போட மாட்டார்கள். திருகு எடுக்கும்போது தானாக வரும் பேச்சு.

உதவி செய்தவரை விட உதவி கேட்டவரைத்தான் மனிதர்களுக்குப் பிடித்துப்போகிறது என்பது பழைய அனுபவம். பென்சில்வேனியா சட்டசபையில் தன்னை எதிர்த்துப் பேசிய ஒருவரிடம் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் போய்க் குழையவில்லை. அவரிடம் இருந்த அரிய புத்தகம் ஒன்றைச் சில நாள் இரவல் கேட்டார், நன்றிக் கடிதத்தோடு திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் ஆயுள் நண்பர். எங்கள் தெருவிலும் பார்க்கிங் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகள் உண்டு. ஒரு வாரம் சாவி ஒருவரிடம், ஏணி தேவைப்பட்டது மற்றவருக்கு. அடுத்த வாரம் வரை தள்ளிப்போடப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி மிதவை அடைத்துக்கொண்டு வழிந்தபோது வேறு வழியில்லை, போய்க் கேட்டார். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "ஏணி கிடைச்சுதா?" என்று சாவி வைத்திருந்தவர் கேட்கிறார், ஏணி எடுத்தவர் பதில் சொல்கிறார். அந்த அளவு.

விதிகள்

பொதுச்சொத்தை ஆளாளுக்குப் பயன்படுத்தினால் பாழாகத்தான் போகும், அரசு எடுக்க வேண்டும் அல்லது தனியாருக்கு விற்க வேண்டும் என்ற வாதத்தை எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டுப் பாசனங்களையும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பார்த்து மறுத்தார். 2009-இல் பொருளாதார நோபல் அவருக்கு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் எடுத்துக்காட்டும் டோர்பெல் என்ற சுவிஸ் மலைக்கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி: குளிர்காலத்தில் உன்னால் தீனி போட முடிகிற அளவு மாடுகளை மட்டுமே பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எவ்வளவு எளிதாகக் கண்காணிக்கலாம் பாருங்கள். தொழுவத்தை எட்டிப் பார்த்தாலே போதும்.

எங்கள் விதிகளையும் அப்படி எட்டிப் பார்த்தே சரிபார்க்கக்கூடியதாக வைக்க முயன்றோம். மூன்று நாள் இரவல். ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு கருவி. வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, துடைத்து. உடைந்தால் சொல். வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்காதே. விதியை மாற்ற வேண்டுமானால் மாதம் ஒருமுறை அலமாரி முன்னால் நின்றபடியே பேச்சு. நாற்காலி போட்டால் கூட்டம் நீளும். ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளை விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் வைத்து, வாய்மொழியாக விசாரித்துத் தீர்க்கிறார்கள், பல நூற்றாண்டுகளாக. அதைப் படித்ததன் பாதிப்புதான் அந்த நின்றபடிப் பேச்சு.

தண்டனை? ஆஸ்ட்ரம் கவனித்த இன்னொன்று, நீடித்த ஏற்பாடுகளில் முதல் தப்புக்குத் தண்டனை மிகச் சின்னதாக இருக்கும், திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஏறும். எங்களுக்கு அது சீக்கிரமே தேவைப்பட்டது. ஒருவர் சின்ன டிரில்லிங் மெஷினில் கலக்கி ராடு மாட்டி வாளி நிறையச் சுவர்ப் பட்டியைக் கலக்கியிருக்கிறார். மோட்டார் புகைந்து நின்றது. வேகமாகச் சுற்றித் துளை போடும் மெஷின் அது, கெட்டியானதைக் கலக்க வேண்டுமானால் மெதுவாக, அதிக முறுக்கு விசையோடு சுற்றும் மிக்ஸர் வேண்டும். கொண்டுவந்து வைத்தவர் எதையும் சொல்லவில்லை. அடுத்து எடுத்தவர்தான் கருகல் வாசனையைக் கண்டுபிடித்தார்.

நோட்டைப் பார்த்தால் யார் என்று தெரியும். குழுவில் பெயர் போடு என்று குரல் எழுந்தது. சாவிக்காரர் நேரில் போய்க் கேட்டதும் ஒப்புக்கொண்டார்; கேட்கும்வரை தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். பணம் கட்டு என்று சொல்லவில்லை. மெஷினைத் திறந்து ஆர்மேச்சர் மாற்றும்போது கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. கருகிய செப்புச் சுருளையும் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷையும் கையில் வைத்துப் பார்த்தவர் இப்போது மின்கருவிகளுக்குப் பொறுப்பாளர். யாராவது டிரில்லிங் மெஷின் எடுத்தால், "எதுக்கு? கலக்கறதுக்கு இல்லையே?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.

ஆடுகிற சுத்தியல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரிய சுத்தியலின் தலை ஆடியது. வழக்கமான வைத்தியம், இரவு முழுக்கத் தண்ணீரில் போடுவது. போடப் போனபோது முனை வீட்டுப் பெரியவர் தடுத்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண் மங்கல், அதிகம் வெளியே வரமாட்டார். "தண்ணில போட்டா இன்னிக்கு இறுகும். ஊறின மரம் இரும்புக்குள்ள நசுங்கும். காய்ஞ்சா முன்னைய விட இளைச்சுப் போய் இன்னும் ஆடும்."

பழைய காம்பைத் தட்டி எடுக்கச் சொன்னார். புதுக் காம்புக்கு மூன்று நான்கு கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றின் முனையையும் விரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். ரேகை நுனியிலிருந்து அடிவரை ஓடணும், நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் ஒடியும் என்றார். கண்ணுக்குத் தெரியாததை விரல் பார்த்தது. மேல் முனையில் ரம்பத்தால் ஒரு பிளவு, தலையின் துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு. பிறகு தலையை மாட்டி, சுத்தியலைத் தலைகீழாக, தலை கீழே அந்தரத்தில் தொங்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் காம்பின் அடிமுனையைக் கட்டையால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கனமான தலை தானே காம்பில் மேலேறி வந்தது.

பக்கத்தில் நின்ற பையனுக்குத் தாங்கவில்லை. "மேலருந்து கீழதானே தாத்தா அடிக்கறீங்க, அது எப்படி மேல ஏறுது?"

"அது ஏறலடா. அது அங்கயேதான் நிக்குது. காம்புதான் இறங்குது. கனமானதுக்கு நகர்றதுக்கு மனசு வராது."

பிளவில் மர ஆப்பு, பசையோடு. மேலே குறுக்காக ஒரு சின்ன இரும்பு ஆப்பு. நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, நுனியில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வைத்தார். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் மொட்டை உளி, பல் மழுங்கிய ரம்பம் என்று யாராவது எதையாவது எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார்கள். உளி முனைக்கு இருபத்தைந்து பாகை சாணை, கடைசி இழுப்பு மட்டும் முப்பது என்று இரண்டு பையன்களுக்கு இப்போது அத்துபடி.

ஜாக்கி ஏன்?

அலமாரியில் ஜாக்கியும் கடப்பாரையும் எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஜப்பானின் கோபே பகுதியில் 1995 ஜனவரி 17 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தீயணைப்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில், அவாஜி தீவில் இருந்த ஹோகுதான் ஊரில் புதையுண்ட முந்நூறு பேர் அளவிலானவர்களை அன்றைய பகலுக்குள் தேடி எடுத்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுத்திருப்பார்கள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. கோபே நகரத்தில் அதன்பிறகு பள்ளி வட்டாரம்தோறும் போகோமி என்ற குடியிருப்போர் அமைப்புகள் வந்தன. அவர்களுடைய சேமிப்புக் கொட்டகைகளில் ரம்பம், ஜாக்கி, கடப்பாரை இருக்கும்.

அதே 1995 ஜூலையில் சிகாகோவில் வெயில் அலை, கூடுதலாக 739 சாவுகள். அடுத்தடுத்த இரண்டு வட்டாரங்கள், இரண்டிலும் ஏழைகள், தனியாக வாழும் முதியவர்கள். ஆனால் வடக்கு லான்டேலில் சாவு விகிதம் தெற்கு லான்டேலைப் போலப் பத்து மடங்கு. தெற்கில் தெருவில் நடமாட்டமும் கடைகளும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள், வராவிட்டால் தேடினார்கள் என்று சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் காட்டினார்.

இதைச் சொன்ன பிறகு ஜாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அலமாரி நோட்டோடு இன்னொரு நோட்டும் தொடங்கினோம்: யார் வீட்டில் படுக்கையில் இருப்பவர் உண்டு, எந்த அறை, மின்சாரம் போனால் நின்றுவிடும் மருத்துவக் கருவி யார் வீட்டில், பூட்டிய வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம். விருப்பம் உள்ளவர்கள் மட்டும். இது அலமாரியில் இருக்காது; தெருவே தேர்ந்தெடுத்த இருவரிடம் இருக்கிறது, படம் எடுக்கக் கூடாது. இந்த நோட்டை முதல் நாளே நீட்டியிருந்தால் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். சாவி தெருவை ஒரு சுற்று சுற்றிவந்த பிறகு கேட்டோம், பாதிக்கு மேல் எழுதினார்கள்.

மீதிப்பேர் எழுதவில்லை. இரண்டு வீட்டார் சாவி முறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கருவி மட்டும் எடுக்கிறார்கள், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மேல் மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் இன்னும் அலமாரிப் பக்கம் வரவில்லை. சுவரில் ஆணி அடிக்க உரிமை இல்லாதவர்களுக்கு டிரில்லிங் மெஷின் எதற்கு? அவர்களுக்காக சைக்கிள் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், சங்கிலி கழற்றும் கருவி, சால்டரிங் அயர்ன் என்று ஒரு தட்டு ஒதுக்குகிறோம். நிழல் வரையக் கறுப்பு பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அடிப்பலகையின் முன் ஓரத்துக்கு இன்னொரு கை பிரைமர் அடிக்க வேண்டும். இந்த வாரம் சாவி இருக்கும் வீட்டில் பிரஷ் கேட்டிருக்கிறேன்.